எல்லா ஜீனும் பேசுவதில்லை



வீட்டில் ஒரு பிள்ளைக்கு ஏதோ குறை என்று டாக்டர் சொன்னதும், நம் குடும்பங்களில் முதலில் எழும் கேள்வி எது? "என்ன வைத்தியம்?" என்பதா? பல வீடுகளில் அது இரண்டாவது கேள்விதான். முதல் கேள்வி, "இது யார் வழியில் வந்தது?"

"எங்க பக்கம் யாருக்கும் கிடையாதே" என்று ஒரு குரல் கேட்கும். அந்த நொடியிலேயே தீர்ப்பு எழுதப்பட்டுவிடும். பெரும்பாலும் அது பிள்ளையைப் பெற்றவளுக்கு எதிரான தீர்ப்பாக இருக்கும்.

இப்போது இந்தப் பேச்சுக்கு விஞ்ஞானப் பூச்சும் வந்துவிட்டது. "ஜீன்லயே இருக்கு, என்ன செய்யறது?" என்று சர்வசாதாரணமாகச் சொல்கிறோம். எச்சிலைக் குப்பியில் பிடித்துக் கூரியரில் அனுப்பினால், என்னென்ன நோய் வரக்கூடும் என்று பக்கம் பக்கமாக ரிப்போர்ட் வருகிறது. அதைப் படித்துவிட்டுத் தூக்கத்தைத் தொலைத்தவர்களும் உண்டு, கவலையே வேண்டாம் என்று வாக்கிங்கை நிறுத்தியவர்களும் உண்டு.

இந்த மாதம் உங்களிடம் நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான். ஒரு ஜீன் நம்மிடம் இருப்பது வேறு, அது வேலை செய்வது வேறு. அது வேலை செய்யுமா, சும்மா இருக்குமா என்பதில், செல்லுக்குள் அது எந்த இடத்தில் இருக்கிறது என்பதற்கும் ஒரு பங்கு உண்டு.

கொஞ்சம் பள்ளிக்கூட அறிவியலுக்குப் போய்வருவோம். பயப்படாதீர்கள், பரீட்சை கிடையாது.

ரத்தச் சிவப்பணு போன்ற சிலவற்றைத் தவிர, நம் உடம்பின் செல்கள் எல்லாவற்றிலும் உட்கரு என்ற ஒரு குட்டி உருண்டை இருக்கிறது. அதற்குள்தான் 46 குரோமோசோம்களும் இருக்கின்றன. அவற்றிலுள்ள டிஎன்ஏ இழையைப் பிரித்து நீட்டினால் சுமார் 2 மீட்டர் நீளம் வரும். ஆனால் அந்த உருண்டையின் குறுக்களவு பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்குள் அடங்கிவிடும். புரதம் தயாரிப்பதற்கான செய்முறையைத் தாங்கிய ஜீன்கள் அதில் சுமார் 20,000.

கண்ணில் இருப்பதும் அதே 20,000, கல்லீரலில் இருப்பதும் அதே 20,000. அப்படியானால் கண் ஏன் பித்தநீர் சுரப்பதில்லை? கல்லீரலுக்கு ஏன் வெளிச்சம் தெரிவதில்லை?

ஒவ்வொரு செல்லும் தனக்கு வேண்டிய ஜீன்களை மட்டும் பேசவிட்டு, மற்றவற்றை வாய்மூட வைக்கிறது என்பதுதான் பதில். இதை ஜீன் முடக்கம் என்பார்கள். முடக்கம் என்றதும் ஏதோ கோளாறு என்று நினைத்துவிடாதீர்கள். நாம் உயிரோடு இருப்பதே இந்த முடக்கம் ஒழுங்காக நடப்பதால்தான்.

சரி, வாய்மூட வைத்த ஜீன்களை செல் எங்கே வைக்கிறது?

நம் வீட்டுப் பரணை நினைத்துக்கொள்ளுங்கள். கல்யாணச் சீராக வந்த அண்டா, பிள்ளைகள் தூங்கிய தொட்டில், கொலுப்படிகள். எதையும் நாம் தூக்கிப் போடவில்லை. அன்றாடம் தேவைப்படாததால் மேலே ஏற்றிவிட்டோம். தினம் வேண்டிய கரண்டியும் தட்டும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கின்றன. உட்கருவுக்கும் அப்படி ஒரு பரண் உண்டு. அது அதன் ஓரச் சுவர்.

அந்தச் சுவரின் உட்புறத்தில் லேமின் என்ற புரதங்கள் வலையாகப் பின்னியிருக்கின்றன. இந்த வலையோடு ஒட்டியிருக்கும் டிஎன்ஏ எது, எவ்வளவு என்று ஆம்ஸ்டர்டாமில் உள்ள நெதர்லாந்து புற்றுநோய்க் கழகத்தின் ஆய்வாளர்கள் 2008-இல் வரைபடம் போட்டார்கள். மனிதச் செல் ஒன்றில் 1,300-க்கும் மேற்பட்ட பகுதிகள் சுவரை ஒட்டியிருப்பது தெரிந்தது. மொத்த டிஎன்ஏவில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல்! அங்கிருந்த ஜீன்களில் பெரும்பாலானவை பேசாதவை.

குரோமோசோம்களுக்கும் இந்த இட ஒதுக்கீடு உண்டு. 18-ஆம் எண்ணும் 19-ஆம் எண்ணும் ஏறத்தாழ ஒரே பருமன்தான். ஆனால் 19-இல் ஜீன்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன, 18-இல் குறைவு. எடின்பரோ விஞ்ஞானிகள் 1999-இல் வெளியிட்ட ஆய்வில், 19 உட்கருவின் நடுப்பக்கமாகவும் 18 ஓரமாகவும் இருப்பதைக் காட்டினார்கள்.

இடம் மாறினால் ஒரு ஜீனின் குணமும் மாறும் என்ற எண்ணம் இதற்கெல்லாம் வெகுகாலம் முன்பே தோன்றிவிட்டது. தோன்றக் காரணமாக இருந்தது, பழுத்த வாழைப்பழத்தைச் சுற்றுமே, அந்தப் பழ ஈ. அமெரிக்க விஞ்ஞானி ஹெர்மன் முல்லர் பழ ஈக்கள் மீது எக்ஸ்ரே செலுத்தி என்ன ஆகிறது என்று பார்த்துவந்தார். பழ ஈயின் கண் சிவப்பு. ஆனால் சில ஈக்களின் கண்ணில் சிவப்பும் வெள்ளையும் திட்டுத்திட்டாகக் கலந்திருந்தன. 1930-இல் அவர் இதைப் பதிவு செய்தார்.

சிவப்பைத் தரும் ஜீன் கெட்டுவிட்டதா? இல்லை. கெட்டிருந்தால் கண் முழுக்க வெளுத்திருக்குமே! எக்ஸ்ரே குரோமோசோமை உடைத்து வேறு விதமாக ஒட்டியதில், அந்த ஜீன் இடம்பெயர்ந்து, குரோமோசோமில் எப்போதும் இறுக்கமாகச் சுருண்டிருக்கும் பகுதிக்குப் பக்கத்தில் போய் விழுந்திருந்தது. அந்த இறுக்கம் சில செல்களில் பரவி ஜீனை அமுக்கிவிட்டது. சில செல்களில் பரவவில்லை. ஆகவே அந்த ஜீனின் எழுத்தில் பிழை இல்லை, மாறியது அது இருந்த இடம்தான். எக்ஸ்ரேயால் ஜீன்களில் மாற்றம் வரும் என்று கண்டுபிடித்ததற்காக முல்லர் 1946-இல் நோபல் பரிசு பெற்றார்.

ஈயை விடுங்கள், தெருவில் திரியும் பூனைக்கு வருவோம். வெள்ளை, கறுப்பு, ஆரஞ்சு என்று மூன்று நிறத்தில் ஒரு பூனை போனால் அது பெண் பூனை என்று ஏறக்குறைய நிச்சயமாகச் சொல்லிவிடலாம். எப்படி?

ஆரஞ்சு நிறத்துக்கான ஜீன் எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு, ஆணுக்கு ஒன்று. இரண்டும் ஒரே சமயத்தில் பேசினால் செல்லுக்குத் தாங்காது. அதனால் கருவின் ஆரம்ப நாட்களிலேயே பெண்ணின் ஒவ்வொரு செல்லும் இரண்டில் ஒரு எக்ஸை மூடிவிடுகிறது. இதை 1961-இல் சொன்னவர் இங்கிலாந்தின் மேரி லயன் என்ற பெண் விஞ்ஞானி. ஒரு இடத்துச் செல்கள் ஆரஞ்சு ஜீன் உள்ள எக்ஸை மூடியிருந்தால் அங்கே கறுப்பு. மற்றதை மூடியிருந்தால் ஆரஞ்சு.

மூடப்பட்ட அந்த எக்ஸ் எங்கே இருக்கிறது? கனடாவில் மர்ரே பார் 1949-லேயே பெண் பூனையின் நரம்புச் செல்லில் ஒரு கரும்புள்ளியைப் பார்த்திருந்தார். அது சுருண்டு கிடக்கும் எக்ஸ்தான் என்பது பிறகு தெளிவானது. நம் செல்களில் அது பெரும்பாலும் உட்கருவின் ஓரச் சுவரை ஒட்டியோ, உட்கருவுக்குள் உள்ள உட்கருமணியை ஒட்டியோ இருக்கும். மூடப்பட வேண்டிய எக்ஸைப் போர்த்தும் ஓர் ஆர்என்ஏ இருக்கிறது. அது சுவரிலுள்ள லேமின் பி ரிசெப்டர் என்ற புரதத்தைப் பற்றிக்கொண்டு, அந்தக் குரோமோசோமையே ஓரத்துக்குக் கொண்டுபோகிறது என்று, எலிச் செல்களில் செய்த ஆய்வின் மூலம் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தினர் 2016-இல் காட்டினார்கள்.

இதில் ஒரு சுவாரசியமான கதையும் உண்டு. அமெரிக்காவின் டெக்சாஸில் ரெயின்போ என்ற மூன்று நிறப் பூனையின் செல்லை எடுத்து, 2001 டிசம்பரில் குளோனிங் முறையில் ஒரு குட்டியைப் பிறக்க வைத்தார்கள். பெயர் சிசி. உலகின் முதல் குளோனிங் பூனை. இரண்டுக்கும் டிஎன்ஏ ஒன்றே. ஆனால் சிசியின் உடம்பில் ஆரஞ்சு நிறமே இல்லை! எடுத்த செல்லில் ஆரஞ்சு ஜீன் உள்ள எக்ஸ் மூடப்பட்டிருந்தது, அந்த மூடல் குட்டியிலும் அப்படியே நீடித்தது. ஜீன் இருந்தும் நிறம் வரவில்லை.

பூனைக் கதை எதற்கு என்கிறீர்களா? இது நம் வீட்டுப் பெண்களின் கதையும்தான்.

ஹீமோபீலியா என்ற ரத்தம் உறையாத நோய் ஆண்களுக்கு மட்டும் வரும், பெண்கள் அதைச் சுமந்து அடுத்த தலைமுறைக்குக் கொடுப்பவர்கள் மட்டுமே என்று பலர் நம்புகிறோம். முழு உண்மை அதுவல்ல. அப்படிச் சுமக்கும் பெண்ணின் உடம்பில் சில செல்கள் நல்ல எக்ஸை மூடியிருக்கும், சில செல்கள் குறையுள்ள எக்ஸை மூடியிருக்கும். நல்லதை மூடிய செல்கள் அதிகமாகிவிட்டால், அவளுக்கே ரத்தம் உறைவதற்கான புரதம் குறைந்துவிடும். மாதவிலக்கில் மிதமிஞ்சிய போக்கு, பல் பிடுங்கினால் நிற்காத ரத்தம், பிரசவத்தில் ஆபத்து என்று அது வெளிப்படலாம். "பொம்பளைங்களுக்கு இதெல்லாம் சகஜம்" என்று எத்தனை வீடுகளில் தட்டிக்கழித்திருப்போம்? அண்ணனுக்கோ மகனுக்கோ ஹீமோபீலியா இருந்தால், அந்த வீட்டுப் பெண்களும் ரத்தம் உறையும் அளவைப் பரிசோதித்துக்கொள்வதுதான் சரி.

ஓரம் என்றால் எப்போதும் முடக்கம், நடு என்றால் எப்போதும் பேச்சு என்று முடிவு கட்டிவிடலாமா? கூடாது. இதற்கு நம் மூக்கே சாட்சி.

ரசம் தாளிக்கும் வாசனையை நாம் அறிவது மூக்கிலுள்ள நரம்புச் செல்களால். வாசனையைப் பிடிக்கும் ஜீன்கள் நம்மிடம் சுமார் 400 இருக்கின்றன. எலியிடம் ஆயிரத்துக்கும் மேல். இந்தக் குடும்பத்தை 1991-இல் கண்டுபிடித்த லிண்டா பக், ரிச்சர்டு ஆக்ஸல் இருவருக்கும் 2004-இல் நோபல் கிடைத்தது. இதில் வியப்பு என்னவென்றால், ஒரு செல் அவற்றில் ஒன்றே ஒன்றைத்தான் பேசவிடுகிறது. மற்றவை எல்லாம் மௌனம்.

அந்த மௌன ஜீன்கள் ஓரச் சுவரில் இல்லை. உட்கருவின் உட்பகுதியில் இறுகிய சில திரட்டுகளாகக் கூடியிருக்கின்றன. எலிகளில் இதைக் கண்ட ஆய்வு 2012-இல் வெளிவந்தது. சற்றுமுன் சொன்ன லேமின் பி ரிசெப்டர், இந்தச் செல்களில் இயல்பாகவே குறைந்துவிடுகிறது. ஆய்வாளர்கள் அதை வலிந்து திரும்பக் கொண்டுவந்தபோது திரட்டுகள் கலைந்தன. ஒரு ஜீன் பேச வேண்டிய செல்லில் பல ஜீன்கள் சேர்ந்து பேசத் தொடங்கின. எலியின் மூக்கு தடுமாறியது. ஆக, ஓரமோ நடுவோ, எந்தக் கூட்டத்தில் ஒரு ஜீன் இருக்கிறது என்பதும் முக்கியம்.

இடம் காரணமா, விளைவா? ஓரத்துக்குப் போனதால் ஜீன் ஊமையானதா, ஊமையானதால் ஓரத்துக்குப் போனதா? நியாயமான கேள்வி. விஞ்ஞானிகளும் இதைத்தான் கேட்டார்கள். பன் மாவை உப்ப வைக்கும் ஈஸ்ட்டில் ஒரு ஜீனை ஓரச் சுவரில் கட்டிவைத்தால் முடக்கம் எளிதாகிறது என்று 1998-இல் தெரிந்தது. 2008-இல் பாலூட்டிகளின் செல்களில் மூன்று குழுக்கள் அதே சோதனையைச் செய்தன. இரண்டு குழுக்கள், ஓரத்துக்கு இழுத்த ஜீன்களில் சில அடங்கிப்போனதைக் கண்டன. மூன்றாவது குழுவின் ஜீன், ஓரத்தில் இருந்துகொண்டே பேசியது!

எனவே இடம் மட்டுமே எல்லாவற்றையும் தீர்மானிப்பதில்லை. டிஎன்ஏ சுற்றியிருக்கும் புரதங்களில் ஒட்டும் ரசாயனக் குறிகள், ஜீனைத் தூண்டும் புரதங்கள், பக்கத்தில் இருப்பவை, இருக்கும் இடம் எல்லாம் கூடித்தான் முடிவு எடுக்கின்றன. ஒற்றைக் காரணம் தேடும் நமக்கு இது கொஞ்சம் ஏமாற்றமாக இருக்கலாம். ஆனால் உடம்பு அப்படித்தான் நடக்கிறது.

அந்தச் சுவரே பழுதானால்? 2009-இல் பால்கி இயக்கத்தில் வந்த 'பா' படம் பலருக்கு நினைவிருக்கும். இளையராஜா இசை, பி.சி.ஸ்ரீராம் ஒளிப்பதிவு. 67 வயது அமிதாப் பச்சன் 12 வயதுப் பையனாக நடித்தார். அந்தப் பையனுக்கு இருந்தது புரோஜீரியா. சின்ன வயதிலேயே முடி கொட்டி, தோல் சுருங்கி, ரத்தக் குழாய் தடித்து முதுமை வந்துவிடும் மிக அரிதான நோய்.

இதன் காரணம் 2003-இல் தெரிந்தது. லேமின் ஏ புரதத்துக்கான ஜீனில் ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கிறது. அதனால் புரோஜெரின் என்ற குறைப் புரதம் உருவாகி சுவரில் ஒட்டிக்கொள்கிறது. உருண்டையாக இருக்க வேண்டிய உட்கரு கோணலாகிறது. ஓரத்தில் இறுக்கமாக ஒட்டியிருந்த டிஎன்ஏ தளர்ந்து விடுபடுகிறது. அடங்கியிருக்க வேண்டிய பகுதிகளின் ஒழுங்கு குலைகிறது. லோனாஃபார்னிப் என்ற மருந்துக்கு 2020 நவம்பரில் அமெரிக்க அரசின் மருந்துத் துறை அனுமதி தந்தது. நோயை முழுமையாகக் குணப்படுத்தாது என்றாலும் ஆயுளை நீட்டிக்கிறது. இதே லேமின் ஜீனில் வேறு இடங்களில் பிழை வந்தால் தசைச் சிதைவு, இதயத் தசை நோய் என்று வேறு பாதிப்புகள். நம் நாட்டிலும் ஹைதராபாத் சிசிஎம்பி ஆய்வு மையத்தில் வீணா பர்னாயக் இந்த லேமின்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்.

இதில் ஒவ்வொரு குடும்பமும் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. புரோஜீரியாவுக்குக் காரணமான அந்த எழுத்து மாற்றம், ஏறத்தாழ எல்லாக் குழந்தைகளிலும் புதிதாக நேர்ந்தது. அப்பாவுக்கும் இல்லை, அம்மாவுக்கும் இல்லை, எந்த வம்சத்திலும் இல்லை. அப்படியிருக்க, யாரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது? ஒரு நோய் ஜீனில் இருக்கிறது என்பதாலேயே அது பரம்பரையில் வந்தது என்று ஆகிவிடாது.

இனி எச்சில் குப்பி ரிப்போர்ட்டுக்கு வருவோம். சாதாரண டிஎன்ஏ பரிசோதனை எழுத்துகளை மட்டும் படிக்கும். ஒரு ஜீன் கணையச் செல்லில் பேசுகிறதா, எந்த ஓரத்தில் ஒதுங்கியிருக்கிறது என்பதெல்லாம் அதில் வராது. அதிலும் பெரும்பாலோருக்கு வரும் டைப் 2 சர்க்கரை நோய் போன்றவற்றுக்கு ஒரு ஜீனைச் சுட்டிக்காட்ட முடியாது. பல ஜீன்களின் சின்னச் சின்னப் பங்கோடு நம் தட்டில் விழும் சோறும், எடையும், நடையும் சேர்ந்துதான் அது வருகிறது. "ஜீன்லயே இருக்கு" என்று சொல்லி இரண்டாவது முறை சாதம் போட்டுக்கொள்வதில் என்ன நியாயம்?

அதற்காக எல்லா ரிப்போர்ட்டையும் குப்பையில் போடச் சொல்லவில்லை. தலசீமியா, அரிவாள் செல் ரத்தசோகை, ஹீமோபீலியா போன்றவற்றில் ஒற்றை ஜீனின் பிழை மிகத் தெளிவாகப் பேசும். அங்கே பரிசோதனை, பிறக்கப்போகும் குழந்தையைக் காக்கும் ஆயுதம். எந்த ரிப்போர்ட்டுக்கு எவ்வளவு மதிப்பு என்று பிரித்துச் சொல்ல, படித்த ஒருவர் தேவை என்றுதான் சொல்கிறேன்.

இன்னொரு எச்சரிக்கை. "தூங்கும் ஜீனை எழுப்பும்", "கெட்ட ஜீனை அணைக்கும்" என்று பவுடரும் மாத்திரையும் விற்பவர்கள் கிளம்பியிருக்கிறார்கள். ஒரு ஜீனை மட்டும் தேர்ந்தெடுத்து உட்கருவுக்குள் இடம் மாற்றும் மாத்திரை எந்தக் கடையிலும் கிடையாது. ஆய்வுக்கூடத்தில் விஞ்ஞானிகள் அரும்பாடுபட்டுச் செய்வதை, ஒரு ஸ்பூன் பவுடர் செய்துவிடும் என்றால் நம்பலாமா?

ஆகவே உங்களிடம் என் வேண்டுகோள் இது. டிஎன்ஏ ரிப்போர்ட் கைக்கு வந்தால், இணையத்தில் தேடிப் பதறாதீர்கள். சொந்தக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். மரபியல் டாக்டரிடமோ மரபியல் ஆலோசகரிடமோ எடுத்துச் சென்று மூன்று கேள்விகள் கேளுங்கள்: இந்த ஜீன் மாற்றம் இருப்பவர்கள் எல்லோருக்கும் நோய் வருமா, சிலருக்குத்தானா? இது பெற்றோரிடமிருந்து வந்ததா, புதிதாக நேர்ந்ததா? இனி நாங்கள் செய்யக்கூடியது என்ன?

சொந்தத்தில் கல்யாணம் பேசி முடித்திருக்கும் குடும்பங்களும், வீட்டில் ஏற்கெனவே ஒரு குழந்தைக்கு ரத்த நோயோ தசை நோயோ இருக்கும் குடும்பங்களும் இந்த ஆலோசனையைத் தள்ளிப்போட வேண்டாம். அடுத்த கர்ப்பத்துக்கு முன்பே போய்வருவது நல்லது. போகும்போது கணவனும் மனைவியும் சேர்ந்தே போங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்